மூன்றாம் எண்ணைக் காணோம்

அந்தத் தெருவில் ‘கறை டாக்டர்’ என்று கேட்டால்தான் அவள் வீட்டைக் காட்டுவார்கள். முப்பத்து நான்கு வருடமாக, வீட்டுக்குக் கீழேயே இருக்கிற டிரை கிளீனிங் கடையின் முன்மேசையில் உட்கார்ந்து, வருகிற துணியை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது காபி, இது எண்ணெய், இது நீங்கள் காபி என்று சாதிக்கிற மை என்று பிரித்துச் சொல்கிறவள். அவளிடம் பொய் சொல்லித் தப்பித்த வாடிக்கையாளர் யாரும் கிடையாது. வீட்டு மனிதர்களிடம் மட்டும் அந்தச் சாமர்த்தியம் செல்லாது. அங்கே அவள் வெறும் பெரியவள். அவளைவிட மூன்று வயது இளையவள் சின்னவள். இருவருக்கும் மேலே ஓர் அண்ணன், ஊரையே தன் தலையில் தூக்கிக்கொண்டு நடக்கிற மனிதர்.

சின்னவள் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்தவள். கல்யாணம் வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்று ஜெயித்தாள். ஓய்வு பெற்ற பிறகும் மூன்றாம் மாடியில் தன் சொந்த வீட்டில் தனியாகத்தான் இருந்தாள். போன வருடம் குளியலறையில் தலை சுற்றி விழுந்தாள். மூளைக்குப் போகிற ரத்தம் கொஞ்ச நேரம் தடைப்பட்டிருக்கிறது, மறுபடி வந்தால் இவ்வளவு லேசாக வராது என்று டாக்டர் சொன்னார். முகம் கோணினாலோ, கை தொய்ந்தாலோ, பேச்சு குழறினாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது என்றும் சொன்னார். அண்ணனுக்கு அது போதாதா?

“போதும் நீ தனியா இருந்தது. வீட்டைப் பூட்டிட்டு எங்ககூட வந்துடு.”

“அண்ணே, ஞாயித்துக்கிழமை புதிரை நானும் அக்காவும் முடிக்கிறோம் இல்ல? என்னைக்கு என் பங்கை நான் முடிக்கலையோ, அன்னைக்கு வந்து பெட்டியைக் கட்டு. அதுவரைக்கும் என் வீட்டுப் பேச்சை எடுக்காத.”

அண்ணன் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டு பாரத்தைப் பெரியவள் தலையில் இறக்கினார். ஞாயிறுதோறும் சரியாகப் பன்னிரண்டு மணிக்குப் போன் வரும். வணக்கமும் கிடையாது, நலமும் கிடையாது. “முடிச்சாளா?” அவ்வளவுதான். முடித்துவிட்டாள் என்று சொல்லும்போதெல்லாம் பெரியவளுக்கு ஒரு வாரத்துக்கு மூச்சு வரும்.

வாரக் கடைசிக் குறுக்கெழுத்து சாமானியமானதில்லை. பதினைந்துக்குப் பதினைந்து கட்டம். இடமிருந்து வலம், வலமிருந்து இடம் இரண்டும் பெரியவளுக்கு; மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் இரண்டும் சின்னவளுக்கு. அடுத்தவள் குறிப்புகளைப் பார்க்கக் கூடாது என்பதால் பத்திரிகையைப் பாதியாக மடித்து வைத்துக்கொள்வார்கள். பத்து மணிக்குப் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்துவிட்டு, விடையை மட்டும் சொல்லிக்கொள்வார்கள். சொன்ன விடையைப் பன்னிரண்டு மணிவரை கேள்வி கேட்கக் கூடாது. யார் முதலில் சொன்னது என்று பின்னால் சண்டை வராமலிருக்க, ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் பெரியவள் மணியைக் குறித்து வைப்பாள். கடையில் ரசீதில் எழுதிப் பழகிய கை அது. சின்னவளோ பத்திரிகைக் கட்டத்தில் எழுதவே மாட்டாள். காகிதம் மட்டம், கோடு கோணல் என்று குறை சொல்லி, வெள்ளைத் தாளில் அளவுகோல் வைத்துத் தானே கட்டம் போட்டுக்கொள்வாள்.

இருவரில் கெட்டிக்காரி சின்னவள்தான். அதில் பெரியவளுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஐம்பது வருடத்தில் சின்னவள் சொன்ன விடை தப்பாகி அவள் பார்த்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தது. பத்தேகாலுக்குள் சின்னவள் ஏழு விடை சொல்லிவிட்டாள். ஏழாவது விடை பத்து பதினான்குக்கு வந்தது. பெரியவள் நான்கிலேயே முக்கிக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா, கடையில கறை எடுத்துட்டு இருக்கியா?”

“வாயை மூடிட்டு உன் வேலையப் பாருடி.”

அப்போது அந்தப் பக்கம் கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது.

“என்னாச்சு?”

“ஒண்ணுமில்ல, டம்ளர் நழுவிடுச்சு. தாளெல்லாம் தண்ணி. இரு, கட்டத்தை மறுபடி போட்டுட்டு வரேன்.”

குரலில் ஒரு பிசிறும் இல்லை. பெரியவள் காத்திருந்தாள். அளவுகோலை நகர்த்துகிற சத்தம் கேட்டது. பத்து நிமிடத்துக்கு மேல் ஆகியும் அவள் சந்தேகப்படவில்லை. அதற்குள் தன் பங்கில் இரண்டைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அவளுக்கு. ‘விழுங்கியது முதலில் இறங்கும் வழி’ என்ற குறிப்புக்குத் தொண்டை என்று எழுதினாள். ‘கதவைத் திறக்கப் பற்றுவது’ என்பதற்குக் கைப்பிடி. இரண்டும் கனகச்சிதமாக உட்கார்ந்தன.

பத்து இருபத்தேழுக்குச் சின்னவள் திரும்பி வந்தாள்.

“எட்டு, மேலிருந்து கீழ். கட்டில்.”

பெரியவளின் பென்சில் பாதியில் நின்றது. எட்டாம் எண் கட்டத்தில்தான் அவளுடைய தொண்டையும் ஆரம்பிக்கிறது. அங்கே ‘தொ’ இருக்கிறது. ‘க’ எங்கே போகும்?

கேட்கக் கூடாது. பன்னிரண்டு மணிவரை கேட்கக் கூடாது என்பது இருவரும் சேர்ந்து போட்ட சட்டம். ஆனால் உள்ளதைச் சொன்னால், சட்டத்தைவிடப் பெரியதாக இன்னொன்று அவளைத் தடுத்தது. ‘அது தப்புடி’ என்று சொன்னால் என்ன ஆகும்? சின்னவள் தன் பங்கில் தவறினாள் என்று ஆகும். பன்னிரண்டு மணிக்கு அண்ணன் கேட்பார். அந்த வீடு பூட்டப்படும். அண்ணன் வீட்டுப் பின்னறையில், அண்ணியின் தையல் மிஷினுக்குப் பக்கத்தில், ஒரு கட்டிலில் சின்னவள் உட்கார்ந்திருப்பாள்.

ரப்பரை எடுத்துத் தொண்டையை அழித்தாள். தப்பு தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று தன்னையே நம்ப வைத்துக்கொண்டாள். எந்தக் கறையையும் ஒரே பார்வையில் சொல்லிவிடுகிற மனுஷி, கண்ணெதிரே இருந்ததைப் பார்க்கமாட்டேன் என்று அடம் பிடித்தாள்.

பத்து முப்பத்தாறு.

“பதிமூணு, மேலிருந்து கீழ். வீடு.”

வீடு என்றால் இரண்டாவது எழுத்து ‘டு’. பெரியவளுடைய கைப்பிடியின் ‘கை’ அந்தக் கட்டத்தில்தான் இருந்தது. இந்த முறை தன் குறிப்பை இன்னொரு தரம் படித்தாள். கதவைத் திறக்கப் பற்றுவது கைப்பிடி இல்லாமல் வேறு எது? தலைகீழாக நின்றாலும் வேறு விடை வராது.

“சின்னவளே, உடம்பு நல்லாதானே இருக்கு?”

“ஏன், நல்லாதான் இருக்கேன். நீ பின்னாடி நிக்கிறேன்னு பேச்சை மாத்தாத.”

ஒரு சொல் குழறவில்லை. கேலிகூட அதே கேலி. டாக்டர் சொன்ன மூன்றில் பேச்சு சரியாக இருக்கிறது. போனில் அதற்கு மேல் என்ன தெரியும்? கைப்பிடியையும் அழித்தாள். தாள் அந்த இடத்தில் மெலிந்து கிழிகிற நிலைக்கு வந்தது. அடுத்து வந்த இரண்டு விடையும் இடித்தன. அவற்றுக்கும் தன்னுடையதை அழித்தாள். மணியை மட்டும் ஒழுங்காகக் குறித்துக்கொண்டிருந்தாள்.

பத்து ஐம்பத்தெட்டுக்குப் பொறுக்க முடியாமல் கேட்டாள். “மூணு மேலிருந்து கீழ் பாக்கி இருக்கே?”

“அதைத்தான் நானும் பாக்கறேன். மூணுக்குக் குறிப்பு இருக்கு, கட்டத்துல மூணைக் காணோம். ரெண்டும் நாலும்கூடக் காணோம். பத்திரிகைக்காரன் தூங்கிட்டான் போல. கட்டமே இந்த வாரம் சின்னதாத்தான் இருக்கு.”

பெரியவள் தன் கட்டத்தைப் பார்த்தாள். மேல்வரிசையில், இடது பக்கம், மூன்று என்ற எண் குத்துக்கல்லாக நின்றுகொண்டிருந்தது. அதற்கு இரு பக்கமும் இரண்டும் நான்கும். பத்து மணிக்குச் சின்னவள் முதலில் சொன்ன விடையே அந்த இரண்டுக்குத்தான். அது இப்போது காணோமாம்.

விளையாடுகிறாளா? சின்னவள் எதில் விளையாடினாலும் இதில் விளையாட மாட்டாள். இது அவள் வீடு. பெரியவள் தான் அழித்த இடங்களை ஒவ்வொன்றாக மறுபடி பார்த்தாள். பிறகு, ஐம்பது வருடத்தில் செய்யாததைச் செய்தாள். மடித்த பத்திரிகையை விரித்துச் சின்னவளுடைய குறிப்புகளைப் படித்தாள்.

அந்தப் பத்திரிகையில் குறிப்பின் எண் வரியின் கடைசியில்தான் இருக்கும். எந்தப் புண்ணியவான் தொடங்கி வைத்த வழக்கமோ. எட்டாம் எண்ணுக்கு எதிரே, ‘குழந்தை தூங்கும் இடம்’. தொட்டில். பதிமூன்று, ‘சிங்கம் வசிக்கும் இடம்’. குகை.

தூங்கும் இடம், கட்டில். வசிக்கும் இடம், வீடு.

ஒவ்வொரு வரியிலும் முதல் சொல்லை மட்டும் அவள் பார்க்கவில்லை. கட்டத்தில் இடது பக்கம் முழுவதையும் பார்க்கவில்லை. சின்னவளுக்கு இந்த உலகத்தில் இடது பக்கம் என்று ஒன்று இல்லாமல் போயிருந்தது. அது போனதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

பெரியவள் போனைப் பக்கத்தில் இழுத்தாள்.

“சின்னவளே, ரெண்டு கையையும் சேத்துத் தட்டு. எனக்குக் கேக்கட்டும்.”

“இது என்ன புதுசா?”

“தட்டுடி.”

போனில் ஒன்றும் கேட்கவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் வந்தது.

“தட்டிட்டேன். கேக்கலையா?”

“கேக்குது,” என்றாள் பெரியவள். “லைனை வெச்சுடாத. அப்படியே உக்காந்திரு.”

கையில் போனோடு மாடிப்படி இறங்கி, தன்னிடமிருந்த சாவியால் கீழே கடையைத் திறந்தாள். ஷட்டரை இடுப்பளவுக்குத் தூக்கிக் குனிந்து நுழைந்து, கடைப் போனில் சின்னவளுடைய எதிர்வீட்டு டிரைவிங் மாஸ்டரைக் கூப்பிட்டாள். போன வருடம் விழுந்த அன்று வாங்கி வைத்த எண் அது. ஆம்புலன்ஸ் எப்படியும் அரை மணி ஆக்கும் என்று மாஸ்டர் சொன்னார். தன் கார் கீழேதான் நிற்கிறது, நான்கு தெரு தள்ளி ஆஸ்பத்திரி, தானே கொண்டுபோகிறேன் என்றார். மாணவர்கள் கையில் சைக்கிள் வேகத்துக்கு மேல் போய் அறியாத கார். அது அன்று எப்படிப் போகுமோ என்று அவள் யோசிக்கவில்லை. போனால் போதும்.

மாஸ்டர் கதவைத் தட்டுவது கைப்போனில் கேட்டது.

“கதவைத் திற சின்னவளே. மாஸ்டர் வந்திருக்கார்.”

“இப்ப எதுக்கு அவர்?”

“நான்தான் வரச் சொன்னேன். போனைக் கையில எடுத்துக்கோ. வலது கையில. சுவத்தைப் பிடிச்சுட்டே மெதுவா வா.”

காலை இழுத்து நடக்கிற சத்தம். நாற்காலி ஒன்று விழுந்தது. பெரியவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

“கதவுகிட்ட வந்துட்டேன்.”

“போனை செருப்பு அலமாரி மேல வெச்சுட்டு, தாழ்ப்பாளை எடு.”

நேரம் போனது. மாஸ்டர் மறுபடி தட்டினார்.

“அக்கா, தாழ்ப்பாள் இல்லையே.”

“என்னது?”

“இங்க தாழ்ப்பாளே இல்ல. வெறும் கதவுதான் இருக்கு. யாரு கழட்டினது?”

அந்தக் குரலில் முதல் தடவையாகப் பயம் எட்டிப் பார்த்தது. தாழ்ப்பாள் கதவின் இடது பக்கம் இருந்தது. இருபது வருடமாகச் சின்னவள் தன் கையால் போட்டு எடுத்த தாழ்ப்பாள். இடது பக்கம் பார் என்று சொல்லிப் பயனில்லை. இல்லாத பக்கத்தை எப்படிப் பார்ப்பாள்? கதவை உடைக்கலாமா என்று மாஸ்டர் கடைப் போனில் கேட்டார். கதவை ஒட்டி அவள் நிற்கிறாள், உடைத்தால் அவள்மேல்தான் விழும்.

பெரியவள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த வாசலை மனதில் கொண்டுவந்தாள். கதவு, தாழ்ப்பாள், அதன் முன்னே தங்கை. கடையில் கோட்டு வந்தால் என்ன செய்வாள்? திருப்புவாள்.

“சின்னவளே, நான் சொல்றதை மட்டும் செய். வலது பக்கமா திரும்பு. திரும்பிட்டே இரு. உன் முதுகு கதவுல ஒட்டற வரைக்கும் திரும்பு.”

“கதவுக்கு முதுகைக் காட்டிட்டு எப்படித் திறக்கறது? உனக்கு ஏதாவது ஆயிடுச்சா?”

“ஆமா, எனக்குத்தான் ஆயிடுச்சு. திரும்பு.”

துணி உரசுகிற சத்தம் கேட்டது. பெருமூச்சு ஒன்று கேட்டது.

“ஒட்டிட்டேன்.”

“இப்ப உன் வலது தோளுக்குப் பக்கத்துல பாரு.”

“அட,” என்றாள் சின்னவள். “இங்க இருக்கு.”

தாழ்ப்பாள் விலகிய சத்தம் தெளிவாகக் கேட்டது. மாஸ்டர் கதவைக் கொஞ்சமாகத் தள்ளி, கையை உள்ளே விட்டு, அவளைத் தோளோடு பிடித்துக்கொண்டார்.

பெரியவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டாகப் பத்து நிமிடம் இருந்தது. கையில் பத்திரிகையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அதை ஏன் எடுத்து வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. வழியிலிருந்து அவள் போனில் சொன்னதைக் கேட்டு, அண்ணன் அவளுக்கு முன்பே வந்திருந்தார். மாஸ்டர் சுவரோரம் நின்று ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். காரில் வரும்போது சின்னவள் அதை விடவே இல்லையாம். பெரியவள் விரித்துப் பார்த்தாள். தாளின் வலது பாதியில் மட்டும் கட்டம் இருந்தது. மயிரிழை பிசகாத கோடுகள், சின்னவள் கைக்கோடுகள். இடது பாதி வெறுமையாக இருந்தது.

டாக்டர் வெளியே வந்தாள். சின்ன வயதுதான், பேச்சில் அவசரம் இருந்தது.

“வலது பக்க மூளையில ரத்தக்கட்டி அடைச்சிருக்கு. கரைக்கிற ஊசி இருக்கு. ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ளதான் போட முடியும், அதுலயும் ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க? அவங்களைக் கேட்டா, எனக்கு ஒண்ணுமே ஆகலைங்கறாங்க.”

“தனியா இருக்கிறவ,” என்றார் அண்ணன். “காலையிலயோ, ராத்திரியிலயோ, யாருக்குத் தெரியும்?”

“நேரம் தெரியலைன்னா ஊசி போடறது ஆபத்து சார். மூளையில ரத்தம் கசிஞ்சிடலாம்.”

பெரியவள் பத்திரிகையை மேஜைமேல் வைத்து விரித்தாள். அழித்து அழித்து அழுக்கான கட்டமும், ஓரத்தில் வரிசையாக மணிகளும் தெரிந்தன. அண்ணன் பக்கம் திரும்பவில்லை.

“பத்து பதினாலுக்கு அவ சொன்ன விடை சரி. உடனே டம்ளர் விழுந்துச்சு. பத்து இருபத்தேழுக்குச் சொன்னது தப்பு. அதுக்கப்புறம் எல்லாமே தப்பு.”

டாக்டர் குனிந்து மணிகளைப் படித்தாள். “நீங்க போன் பண்ணி ஆளைக் கூப்பிட்டது?”

“பதினொண்ணு அஞ்சுக்கு.”

“நடுவுல?”

“நடுவுல நான் அழிச்சிட்டு இருந்தேன். எனக்கு அப்பவே தெரியும் டாக்டர். தப்புன்னு சொன்னா அவ வீடு போயிடும்னு, என்னோட விடையை அழிச்சிட்டு உக்காந்திருந்தேன்.”

அண்ணன் வாயைத் திறந்தார். டாக்டர் அவரைப் பார்க்காமல், “பத்து பதினாலு போதும்,” என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

காத்திருந்த நேரத்தில் அண்ணன் வீட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பெரியவள்தான் சொன்னாள். “அவ இனிமே தனியா இருக்க வேணாம். உன் வீட்டுக்கும் வர வேணாம். கடையில சொல்லிட்டு நான் போய் அவகூட இருக்கப்போறேன்.” அவர் தலையசைத்தார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டு மணிக்கு உள்ளே விட்டார்கள். ஊசி ஏறிவிட்டது. இடது கை விரல்களில் லேசாக அசைவு வந்திருக்கிறது, இடது பக்கக் கவனம் எப்போது திரும்பும், எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றாள் டாக்டர். கட்டிலின் வலது பக்கம் அண்ணன் உட்கார்ந்தார். இடது பக்கம் கிடந்த ஸ்டூலில் பெரியவள் உட்கார்ந்து, தங்கையின் கையைத் தன் இரு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

சின்னவள் கண் திறந்தாள். “அண்ணே, அக்கா வரலையா?”

அண்ணன் கட்டிலைத் தாண்டிப் பெரியவளைப் பார்த்தார்.

“இங்கதான்டி இருக்கேன்,” என்றாள் பெரியவள்.

குரலைக் கேட்டுச் சின்னவள் வலது பக்கமாக இன்னும் திரும்பித் திரைச்சீலையில் தேடினாள். பெரியவள் கையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, கட்டிலின் கால்மாட்டைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். அண்ணன் எழுந்து நாற்காலியை அவளுக்குக் கொடுத்தார்.

“இப்பதான் வர்றியா? ஏன் இவ்வளவு லேட்டு?”

“நான்தான் லேட் பண்ணிட்டேன். உனக்குத் தப்பா வந்ததுமே கேட்டிருக்கணும். பயத்துல கேக்காம உக்காந்துட்டேன்.”

சின்னவள் நெற்றியைச் சுருக்கினாள். உண்மையாகவே அவளுக்கு விளங்கவில்லை. “எனக்கு எது தப்பா வந்துச்சுக்கா? எல்லாம் சரியாத்தானே சொன்னேன்?”

பெரியவள் அவளுடைய வலது கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இல்லடி,” என்றாள். “தப்பு.”